பதினோரு மாத அலமாரி

ஒரே அலமாரியை மூன்று முறை வாங்கியிருக்கிறேன்.
ஒரே பெயர், ஒரே வால்நட் நிறம்,
அட்டைப்பெட்டி மேல் ஒரே படம்:
எந்த ஊரென்று தெரியாத ஜன்னலோரம்,
ஐந்து தட்டுக்கும் சேர்த்து நாலே புத்தகம்,
ஒரு பூச்சாடி.
அந்தப் பூச்சாடியை அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

முதலாவது சைதாப்பேட்டையில், இரண்டாயிரத்து எட்டு.
மாடிக்கு ஏற்ற மூன்று பேர்.
பாதிப்படியில் மூச்சு வாங்கிய ஒருவர்
"உள்ள என்னம்மா, அம்மிக்கல்லா?" என்றார்.
பலகை பதினெட்டு மில்லிமீட்டர்.
அளந்தது நானில்லை, சுதர்சனம்;
டேப் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகாத மனுஷன்.
தரையில் உட்கார்ந்து இருவருமாக
ஏ-யை பி-யில் செருகி, தலைகீழாய்ப் பூட்டி,
கழற்றி, மறுபடி பூட்டி
முடித்தபோது மணி இரண்டு.
மூன்று திருகாணி மிச்சம்.
மிச்சமிருந்தால் பயப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா?
கல்யாணமான ஐந்தாம் வாரம்,
முதல் சண்டை.

அது நாலு வீடு பார்த்தது.
சைதாப்பேட்டை, ஆதம்பாக்கம், மறுபடி ஆதம்பாக்கம், மடிப்பாக்கம்.
குட்டியானையில் படுத்தபடி வரும்,
இறக்கினால் எழுந்து நிற்கும்.
பதினைந்து டிசம்பரில் தண்ணீர் உள்ளே வந்தபோது
இரண்டு நாள் முழங்காலளவில் நின்று
கீழ்த்தட்டு மட்டும்
டீயில் விழுந்த பன் மாதிரி உப்பியது.
மேலே நாலு தட்டும் அசையவில்லை:
அரிசி, பாஸ்புக், கேஸ் அடுப்பு,
எதிர்வீட்டுப் பூனை.

இரண்டாவது அதற்கடுத்த பொங்கலுக்கு.
பதினைந்து மில்லிமீட்டர்.
முதுகுக்குப் பலகை இல்லை, அட்டை;
புதுச் சட்டைக்குள் வைப்பார்களே, அதற்குப் பெரியண்ணன்.
விலை அதே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
ஏழு வருஷமாய் ஏறாத விலையா என்று மகிழ்ந்தேன்.
ஏறவில்லைதான்.
உள்ளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல்களை அடுக்கிய மூன்றாம் மாதம்
நடுத்தட்டு லேசாகச் சிரிக்கத் தொடங்கியது.
ஆறாம் மாதம் பல் தெரியச் சிரித்தது.

மூன்றாவது போன ஜூனில், மேடவாக்கம்.
ஒரே பையன், ஒரே தோளில்,
போனில் பேசிக்கொண்டே நாலு மாடி ஏறி வந்தான்.
பன்னிரண்டு.
இந்த முறை அளந்தது நான்.
சுதர்சனம் வேறு வீட்டில் வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறார்,
டேப்பை என்னிடம் விட்டுவிட்டு.

பூட்ட வந்த தௌஃபீக் இருபது நிமிஷத்தில் முடித்தான்.
முடிக்கவில்லை. ஒரு திருகாணி குறைந்தது.
"இப்பல்லாம் எண்ணித்தான் போடறாங்கக்கா, அதுவும் தப்பா."
ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து
பழைய மூன்றில் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.
உள்ளே போனது.
போய்க்கொண்டே இருந்தது.
பலகையைத் தாண்டி மறுபக்கம்
தலை நீட்டி என்னைப் பார்த்தது.

"ஒரு தடவ மாட்டினது மாட்டினதுதான்க்கா.
கழட்டினா ஓட்ட வாயைப் பொளந்துடும்.
நகத்தாதீங்க."
"வாடகை வீடு தம்பி."
ட்ரில்லைப் பைக்குள் வைத்தபடி
"எல்லாருக்கும் அதான்க்கா" என்றான்.
"ஸ்டார் மட்டும் அஞ்சு போட்டுடுங்க."
போட்டேன். அவனுக்கு.

இன்று ஒன்பதாம் மாதம்.
ஓனர் வாட்ஸப்பில் வணக்கம் வைத்திருக்கிறார்.
வணக்கம் வைத்தால் விஷயம் இருக்கிறது:
பையனுக்கு வரன் குதிர்ந்துவிட்டதாம்,
அக்ரிமென்டைப் புதுப்பிப்பதற்கில்லையாம்.

புத்தகங்களை இறக்கிச் சுவரோரம் அடுக்கினேன்.
இடுப்பு உயரம் வந்தது,
யார் துணையும் இல்லாமல் நின்றது.
காலி அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன்;
கடைசி மின்சார ரயிலில் தூங்குகிறவரைப் போல
பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது.

இருக்கட்டும்.
புது மருமகள் பூச்சாடி வைத்துக்கொள்ளட்டும்.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையில்தான்
இத்தனை மாதமும் சாவியை மாட்டினேன்.
சாவி அவருடையது, கொடுத்துவிடுவேன்.
ஸ்க்ரூ டிரைவர் எங்கே?
திருகாணி என்னுடையது.